மேசைக்கு வராத கடல்

தை பிறந்ததும் கொல்லிமலையில் மிளகு பறிப்பு தொடங்கிவிடும். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொடிகளுக்கு ஏணி சாத்தி, சரம் சரமாகக் கிள்ளி இறக்கி, வாசலிலும் பாறையிலும் காயவைத்து மூட்டை கட்டுவார்கள். அடிவாரத்தில் எங்கள் முள்ளுக்குறிச்சிப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு. மேலே மிளகும் காப்பியும். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, திண்ணனூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் மலையூர்களில் குடும்பங்கள் ரொக்கம் என்று கையில் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். ஆனால், அந்த மிளகின் விலை சோளக்காட்டுச் சந்தையில் முடிவாவதில்லை. கொச்சியில் முடிவாகிறது. கொச்சி விலையில், கடந்த கால் நூற்றாண்டாக, கொழும்பிலிருந்து கப்பலேறி வரும் மூட்டைகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1998 டிசம்பர் 28-ல் இந்தியாவும் இலங்கையும் புது டெல்லியில் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஏற்பாட்டின்படி ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு சுங்கவரி இல்லாமலே இங்கு வரலாம். அதற்கு மேல் கொண்டுவர விரும்புகிறவர்களுக்குத் தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தம் இருக்கிறது. 2004 ஜனவரியில் இஸ்லாமாபாதில், தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் நடத்திய மாநாட்டில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் கீழ் மிளகுக்கு வரி 8 சதவீதம். சலுகை இல்லாத நாடுகளின் மிளகுக்கு 70 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் அதில் புகுந்து வர ஆள் இல்லாமல் போகுமா? வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு உள்ளே வருகிறது என்று குடகிலும் கேரளத்திலும் விவசாயிகள் குரல் எழுப்பினார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது. அப்படியும், 2017 தொடக்கத்தில் கிலோ 600 ரூபாய்க்கு மேல் விற்ற மிளகு அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதிக்கு இறங்கியது. வியட்நாமில் விளைச்சல் பெருகியதுதான் அதற்கு முதல் காரணம் என்றாலும், சான்றிதழ் ஓட்டை விவசாயிகளின் காயத்தில் உப்பாக விழுந்தது.

இலங்கை மிளகு வரவே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. மாத்தளையிலும் கண்டியிலும் மிளகு போடுகிறவர்களும் நம் மலைக்காரர்களைப் போலச் சின்னக் காணிக்காரர்கள்தான். எனக்குள்ள கவலை வேறு. இரண்டு நாடுகளின் சிறு விவசாயிகள் ஒரே தெற்காசிய ஒப்பந்தத்தால் கட்டப்பட்டிருக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் ஓட்டை விழுந்தால், அதை ஊரறிய உட்கார்ந்து பேசிச் சரிசெய்ய வேண்டிய சார்க் தலைவர்கள் 2014-க்குப் பிறகு ஒரு மேசையில் கூடவே இல்லை. சார்க்கின் பதினெட்டாவது உச்சி மாநாடு 2014 நவம்பர் 26, 27 தேதிகளில் காத்மாண்டுவில் நடந்தது. பத்தொன்பதாவது மாநாடு 2016 நவம்பரில் இஸ்லாமாபாதில் நடந்திருக்க வேண்டும். அந்தச் செப்டம்பரில் உரி ராணுவ முகாம் தாக்கப்பட்டது, இந்தியா வரமாட்டேன் என்றது, வங்கதேசம், பூட்டான், ஆப்கானிஸ்தான் ஆகியவையும் விலகின, மாநாடு நின்றது. அன்று நின்றது நின்றதுதான்.

நாமக்கல் மாவட்டக்காரர்களுக்கு இந்த இழப்பு மிளகோடு முடிவதில்லை. இந்த மாவட்டத்தை இரண்டு தொழில்கள் தூக்கி நிறுத்தியிருக்கின்றன: முட்டை, லாரி. 2023-ல் பொருளாதார நெருக்கடியில் சிக்கியிருந்த இலங்கை, இந்தியாவிலிருந்து முட்டை வாங்கியபோது நமது கோழிப்பண்ணைக்காரர்கள் எவ்வளவு ஆவலோடு அந்தச் செய்தியைப் பின்தொடர்ந்தார்கள் என்பது தெரியும். லாரி விஷயம் அதைவிடப் பெரியது. இங்கே பாடி கட்டி, இங்கேயே பெர்மிட் எடுத்து, இந்தியாவின் எந்த மூலைக்கும் போகிற வண்டி, எல்லைச் சாவடிக்கு அப்பால் முடங்கிவிடுகிறது. வங்கதேசத்துக்குப் போகும் சரக்கு பெட்ராபோல் எல்லையைத் தாண்டி பெனாபோல் முற்றத்தில் இறக்கப்பட்டு வேறு வண்டியில் ஏற்றப்படுகிறது. இந்த அவதியைத் தீர்க்கத்தான் 2014 காத்மாண்டு மாநாட்டுக்குச் சார்க் மோட்டார் வாகன ஒப்பந்தத்தின் வரைவு போயிற்று. பாகிஸ்தான் தடுத்தது. அடுத்த ஆண்டு ஜூனில் வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் திம்புவில் தனியாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பூட்டான் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. உலக வங்கியின் கணக்குப்படி தெற்காசிய நாடுகளின் மொத்த வணிகத்தில் அவை தங்களுக்குள் செய்துகொள்வது சுமார் 5 சதவீதம். தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் நாடுகளுக்குள் அது கால் பங்கு.

ஏன் இப்படி? காஷ்மீர் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அது பாதி பதில்தான். தீராத எல்லைப் பிணக்குகள் எந்தக் கண்டத்தில் இல்லை? பிணக்கு இருப்பதால் மட்டும் ஓர் அமைப்பு செத்துவிடுவதில்லை. பிணக்கை அந்த அமைப்பு எங்கே வைத்தது என்று பார்க்க வேண்டும்.

1985 டிசம்பர் 8-ல் டாக்காவில் ஏழு நாடுகள் கையெழுத்திட்ட சார்க் சாசனத்தின் பத்தாவது விதி இரண்டு வரிகளே கொண்டது. எல்லா நிலைகளிலும் முடிவுகள் ஒருமனதாக எடுக்கப்படும். இருதரப்புப் பிரச்சினைகளும் சர்ச்சைக்குரிய பிரச்சினைகளும் விவாதத்திலிருந்து விலக்கப்படும். இதை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. வங்கதேச அதிபர் ஜியாவுர் ரஹ்மான் 1980-ல் இந்த யோசனையை முன்வைத்தபோது, சின்ன அண்டை நாடுகளெல்லாம் சேர்ந்து தன்னை வளைத்துப் பிடிக்கப் பார்க்கின்றனவோ என்று இந்தியா அஞ்சியது. இந்தியா தன் கட்டுக்குள் எல்லோரையும் கொண்டுவரப் பார்க்கிறதோ என்று பாகிஸ்தான் அஞ்சியது. இந்த இரண்டு அச்சங்களையும் ஆற்றத்தான் பத்தாவது விதி. சண்டைக்குரியதை வெளியே வைத்துவிட்டு வேளாண்மை, சுகாதாரம், வானிலை என்று கைக்கு எட்டியதில் தொடங்கினால், நாளடைவில் பழக்கம் வளர்ந்து நம்பிக்கையாகும் என்பது கணக்கு.

கணக்கின் முதல் பாதி பலித்தது. இரண்டாம் பாதியை ஒருமனதாக என்ற சொல் விழுங்கிவிட்டது. பிணக்கைப் பற்றி அறைக்குள் பேசக் கூடாது. ஆனால் பிணக்கைக் காரணம் காட்டி அறைக்கு வராமல் இருக்கலாம். ஒருவர் வராவிட்டால் கூட்டமே இல்லை. இப்படி ஒரு கதவை வைத்துவிட்டு, அதன் வழியாக யாரும் வெளியேறமாட்டார்கள் என்று நம்பினார்கள். 1989-ல் மாநாடு நடக்கவில்லை. இந்திய அமைதிப்படை இலங்கை மண்ணில் நின்ற ஆண்டு அது. 1991-ல் பூட்டான் மன்னர் வர இயலவில்லை என்றதும், எல்லோரும் இல்லாமல் மாநாடு இல்லை என்று இந்தியா சொல்லிவிட, கொழும்பில் ஏற்பாடு செய்து காத்திருந்த இலங்கை அதிபர் பிரேமதாசா டிசம்பரில் ஒரே ஒரு நாள் மாநாட்டோடு திருப்தி அடைய வேண்டியதாயிற்று. 1999-ல் கார்கில் போரும் பாகிஸ்தானில் முஷாரஃபின் ஆட்சிக் கவிழ்ப்பும் வந்தன. காத்மாண்டு மாநாடு 2002 வரை தள்ளிப்போனது. 2005-ல் நேபாள மன்னர் ஆட்சியைக் கையில் எடுத்ததும் டாக்கா மாநாடு தள்ளிப்போக இந்தியா காரணமானது. மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் பாகிஸ்தான் செய்ததும் இதே கதவைப் பயன்படுத்தியதுதான். எல்லோரும் பயன்படுத்தியிருக்கிறார்கள். நாமும்.

கூட்டங்கள் நடந்தபோது என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் உண்டு. தமிழர்களிடம் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1986 நவம்பரில் இரண்டாவது சார்க் மாநாடு பெங்களூரில் நடந்தது. மாநாட்டு அறைக்குள் ஈழப் பிரச்சினையைப் பற்றி ஒரு சொல் பேச சாசனம் இடம் தரவில்லை. ஆனால் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனா வந்திருந்தார், ராஜீவ் காந்தி இருந்தார், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்தார், விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனையும் சென்னையிலிருந்து அழைத்துச் சென்றார்கள். உடன்பாடு கிட்டவில்லை. அது தோற்ற பேச்சு. ஆனால் அந்தப் போரில் தொடர்புடையவர்களில் அத்தனை பேரை ஒரே ஊரில், ஒரே நாளில் கொண்டுவர அந்த மாநாட்டைத் தவிர வேறு எந்தச் சாக்கும் அப்போது இல்லை. 2004 இஸ்லாமாபாதில் இதே வழி பலன் தந்தது. ஜனவரி 6-ல் வாஜ்பாயும் முஷாரஃபும் வெளியிட்ட கூட்டறிக்கை, சார்க் மாநாட்டின் ஓரத்தில் பிறந்தது. தெற்காசிய வணிக ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே நாள். அதிலிருந்து தொடங்கிய பேச்சில்தான் 2005 ஏப்ரலில் ஸ்ரீநகர்–முசாபராபாத் பேருந்து ஓடியது. 2008 அக்டோபரில் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி லாரிகள் போயின. காஷ்மீரில் ஓர் அங்குலத்துக்குக்கூட யாரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் பாதாமும் பழமும் இரண்டு பக்கமும் போய் வந்தன, 2019 வரை.

எதிர்வாதம் வலுவானது. அதைத் தட்டிக் கழிக்கும் உரிமை எனக்கு இல்லை. 2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இப்படிப்பட்ட கொலைக்குப் பின், பயங்கரவாதிகளுக்குத் தன் மண்ணில் இடம் கொடுக்கும் அரசோடு எப்படி ஒரே மேசையில் உட்காருவது என்று கேட்கும் இந்தியக் குடிமகனின் கோபம் நியாயமானது. அடுத்த நாளே, 1960-ல் கையெழுத்தாகி மூன்று போர்களைத் தாண்டி நின்ற சிந்து நதி நீர் ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டது. அட்டாரி சோதனைச் சாவடி மூடப்பட்டது. சார்க் விசா விலக்கின் கீழ் பாகிஸ்தானியர் வருவதும் நிறுத்தப்பட்டது. பாகிஸ்தானோடு இருதரப்பு உறவை எந்த அளவுக்கு அறுப்பது என்பது இந்தியாவின் உரிமை. ஆனால் சார்க் இருதரப்பு உறவு இல்லை. அதில் நேபாளம் இருக்கிறது, இலங்கை இருக்கிறது, மாலத்தீவு இருக்கிறது. இன்றைய எட்டு உறுப்பினர்களில் இரண்டு பேரின் பகைக்கு மற்ற ஆறு பேரும் 12 ஆண்டுகளாக அபராதம் கட்டுகிறார்கள். காலியாகக் கிடக்கும் நாற்காலியில் யாரோ உட்காருவார்கள். 2025 ஜூனில் சீனா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றும் குன்மிங்கில் கூடின. நாம் கைவிட்ட மேசையைப் பெய்ஜிங் வேறு இடத்தில் போடுமானால், அதில் நமக்கு என்ன இடம் கிடைக்கும் என்று டெல்லி யோசிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பங்குக் கிணறுகள் உண்டு. அப்பன் காலத்தில் ஒன்றாக இருந்த நிலம் பிள்ளைகள் காலத்தில் பிரிந்திருக்கும். வரப்பு எங்கே என்பதில் பங்காளிகளுக்குள் வழக்கு ராசிபுரம் கோர்ட்டில் வருஷக்கணக்காக நடக்கும். வீட்டு விசேஷத்துக்கு ஒருவரை ஒருவர் அழைக்கமாட்டார்கள். முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். கிணற்றில் மட்டும் முறை தவறாது. இன்றைக்கு இவர், நாளைக்கு அவர். வழக்கு முடியட்டும், பிறகு தண்ணீர் இறைக்கலாம் என்று காத்திருந்தால் மரவள்ளி காய்ந்துபோகும் என்பது இருவருக்கும் தெரியும். உலகத்தில் தாக்குப்பிடித்த பிராந்திய ஏற்பாடுகளை எடுத்துப் பார்த்தால் இந்தக் கிணற்று முறைதான் அவற்றின் உள்ளே இருக்கிறது. உரிமை வழக்கு ஒரு பக்கம், பயன்பாட்டு முறை ஒரு பக்கம். ஒன்று நின்றாலும் மற்றது நிற்காது.

ஐரோப்பாவையே எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அதில் பலர் மறந்துவிடும் ஒரு பகுதி சார்லாந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலக்கரி நிறைந்த அந்த ஜெர்மன் பகுதியைப் பிரான்ஸ் தன் பொருளாதாரத்தோடு சேர்த்துக்கொண்டது. அந்தப் பிணக்கு தீராத நிலையில்தான், 1951 ஏப்ரலில், பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் நிலக்கரி–எஃகுச் சமூகத்தை அமைத்தன. பிணக்குக்குக் காரணமாக இருந்த அதே நிலக்கரியைப் பொதுவில் வைத்தன. 1955 அக்டோபரில் சார்லாந்து மக்கள் வாக்களித்தார்கள். ஐரோப்பியப் பொறுப்பில் தனியாக இருக்கும் திட்டத்தை மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் நிராகரித்தார்கள். 1957 ஜனவரியில் பகுதி ஜெர்மனியோடு சேர்ந்தது. பிரான்ஸ் எதிர்பார்த்த முடிவு அது இல்லை. என்றாலும் அதே மார்ச்சில் இரு நாடுகளும் ரோமில் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

எனக்கு இன்னும் பொருத்தமாகத் தோன்றுவது வடதுருவப் பக்கத்துக் கடலில் நடந்தது. பேரண்ட்ஸ் கடலில் நார்வேக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் எல்லைக் கோடு எங்கே என்பதில் பல பத்தாண்டுப் பிணக்கு. நார்வே நேட்டோ உறுப்பினர், பனிப்போர் காலம், எதிரே சோவியத் நீர்மூழ்கிக் கப்பல்களின் தாய்வீடு. அந்த நிலையிலும் இரு நாடுகளும் 1975-ல் கூட்டு மீன்வள ஆணையம் அமைக்க ஒப்புக்கொண்டன. ஆண்டுக்கு எவ்வளவு காட் மீன் பிடிக்கலாம், அதில் யாருக்கு எவ்வளவு என்று விஞ்ஞானிகளின் கணக்கை வைத்துப் பிரித்தன. பிணக்குள்ள நீர்ப்பரப்புக்கு 1978-ல் தனி ஏற்பாடு செய்தன. எல்லைக் கோடு 2010-ல்தான் முடிவானது. அதுவரை மீன் காத்திருக்கவில்லை, மீனவரும் காத்திருக்கவில்லை. மலேசியாவும் தாய்லாந்தும் 1979-ல் இதையே எரிவாயுவுக்குச் செய்தன. தீராத கடல் பகுதியைக் கூட்டு மேம்பாட்டுப் பகுதி என்று வரைந்து, கிடைப்பதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்கின்றன. எல்லை உரிமையை இருவருமே விடவில்லை.

ஆசியானைப் புகழ்ந்து முடித்துவிட முடியாது. 2012-ல் தென்சீனக் கடல் விவகாரத்தில் நோம்பென்னில் கூடிய அதன் வெளியுறவு அமைச்சர்கள் ஒரு கூட்டறிக்கைகூட வெளியிட முடியாமல் கலைந்தார்கள். 2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் மோதியபோது, ஆசியான் தலைமையில் இருந்த மலேசியா இருவரையும் புத்ரஜயாவுக்கு அழைத்துப் போர்நிறுத்தம் செய்ய வைத்தது. டிசம்பரில் மீண்டும் குண்டு வெடித்தது. அமெரிக்காவின் வணிக மிரட்டலும் அந்த ஜூலை உடன்பாட்டுக்குப் பின்னால் இருந்தது. குறை நிறைய. ஆனால் மோதல் வெடித்த நான்காம் ஐந்தாம் நாளிலேயே கூப்பிட ஒருவர் இருந்தார், போய் உட்கார ஓர் இடம் இருந்தது. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாட்கள் ஏவுகணைகளும் ட்ரோன்களும் விட்டுக்கொண்டபோது தெற்காசியாவில் அப்படி அழைக்க ஒருவரும் இல்லை.

இந்தியாவுக்குப் பிணக்கைத் தீர்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வங்கக் கடலில் வங்கதேசத்தோடு இருந்த கடல் எல்லை வழக்கில் 2014 ஜூலையில் சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. பிணக்கில் இருந்த சுமார் 25,600 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது. இந்தியா ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு அரசியல் சாசனத்தின் நூறாவது திருத்தத்தை நிறைவேற்றி, 1974-லிருந்து கிடப்பில் கிடந்த நில எல்லை ஒப்பந்தத்தை முடித்துவைத்தது. 2015 ஜூலை 31 நள்ளிரவில் 111 இந்தியத் திட்டுகள் வங்கதேசத்துக்கும், 51 வங்கதேசத் திட்டுகள் இந்தியாவுக்கும் மாறின. எந்த நாட்டின் குடிமக்கள் என்றே தெரியாமல் வாழ்ந்த ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு நாடு கிடைத்தது. சுதந்திர இந்தியா செய்த மிகப் பெருந்தன்மையான காரியங்களில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். கிழக்கே இவ்வளவு செய்ய முடிந்த நாட்டுக்குத் தெற்கே ஏன் கை வரவில்லை?

தெற்கே என்றால் பாக் விரிகுடா. 2025 ஏப்ரலை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 2-ல் தமிழக சட்டமன்றம் கச்சத்தீவை மீட்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஏப்ரல் 4-ல் பாங்காக்கில், வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பின் ஆறாவது உச்சி மாநாடு. இந்தியாவும் இலங்கையும் அதில் உறுப்பினர்கள். 1997-ல் அமைப்பு தொடங்கியபோது வகுத்த ஆறு ஒத்துழைப்புத் துறைகளில் மீன்வளமும் ஒன்று. அங்கே கடல்வழிப் போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தானது. பாங்காக்கிலிருந்து பிரதமர் மோடி நேரே கொழும்பு போனார். ஏப்ரல் 5-ல் அதிபர் அநுர குமார திசாநாயக்கவிடம் மீனவர் பிரச்சினையை மனிதாபிமானத்தோடு அணுக வேண்டும் என்று சொன்னார். சில மீனவர்கள் விடுதலையானார்கள். நான்கு நாளில் மூன்று மேடைகள். முதல் மேடையில் தீவு, இரண்டாவதில் கப்பல், மூன்றாவதில் கைதானவர்கள். மீன் எந்த மேடையிலும் இல்லை.

பாக் விரிகுடாவின் சண்டை, அடியில், மீனைப் பற்றியது. 1974 ஒப்பந்தம் 285 ஏக்கர் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டது. 1976 கடிதப் பரிமாற்றம் ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் பிடிக்கக் கூடாது என்றது. தமிழகத்தின் சம்மதம் கேட்காமல் செய்த காரியம் இது என்ற மனக்குறை நியாயமானது. அரை நூற்றாண்டாக அது ஆறவில்லை. ஆனால் நாளைக்கே தீவு திரும்பி வந்தாலும், அதைச் சுற்றியுள்ள கடலில் இழுவை மடி போட்டுத் தரையைச் சுரண்டினால் பத்தாண்டில் அங்கே பிடிக்க என்ன இருக்கும்? எதிர்க்கரையில் நிற்பவர்கள் சிங்களக் கடற்படை மட்டுமில்லை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சிறிய கண்ணாடியிழைப் படகும் செவுள்வலையும் வைத்துப் பிழைக்கும் தமிழ் மீனவர்கள். கால் நூற்றாண்டுப் போரில் கடலுக்குள் போகவே தடை விதிக்கப்பட்டிருந்தவர்கள். 2009-க்குப் பிறகு திரும்பி வந்து வலை போட்டால், இரவோடு இரவாக நமது விசைப்படகுகளின் மடி அதை அறுத்துக்கொண்டு போகிறது. 2017-ல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியைத் தடை செய்தது. 2024-ல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட தமிழக மீனவர்கள் கைதானார்கள். ராமேஸ்வரத்திலும் புதுக்கோட்டையிலும் அந்தக் குடும்பங்கள் படும் பாடு சொல்லி மாளாது. படகு பறிபோன வீட்டில் கடன் மட்டும் மிஞ்சுகிறது. இந்த இரண்டு வேதனைகளும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் அரசியலைத்தான் இரு கரையிலும் பார்க்கிறோம்.

மீனவர்களே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். 2010-ல் பேசினார்கள். 2014 ஜனவரியில் சென்னையில், மே மாதம் கொழும்பில், 2015 மார்ச்சில் மீண்டும் சென்னையில் பேசினார்கள். இழுவை மடியைப் படிப்படியாகக் குறைப்பது, அதுவரை ஆண்டில் இத்தனை நாள் என்று முறை வைப்பது என்ற யோசனைகள் அந்தப் பேச்சுகளில்தான் வந்தன. பங்குக் கிணற்றுக்காரர்களின் அறிவு அது. ஆனால் அவர்கள் எடுத்த முடிவைச் சுமந்து நிற்க ஒரு நிறுவனம் இல்லை. 2016-ல் அமைத்த கூட்டுப் பணிக்குழு அதிகாரிகளின் குழு; கைதும் விடுதலையும் பேசவே அதற்கு நேரம் போதவில்லை.

வருத்தம் என்னவென்றால், வேண்டிய நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. வங்காள விரிகுடாத் திட்டம் என்று 1979-ல் தொடங்கி, 2003-ல் அரசுகளுக்கிடையிலான அமைப்பாக மாறியது. தலைமையகம் சென்னை. உறுப்பினர்கள் வங்கதேசம், இந்தியா, மாலத்தீவு, இலங்கை. சிறு மீனவர்களுக்கான பயிற்சி, கடல் பாதுகாப்பு, மீன்வள மேலாண்மை என்று நல்ல காரியங்களைச் சத்தமில்லாமல் செய்துவருகிறது. ஆலோசனை சொல்வதோடு அதன் வேலை நின்றுவிடுகிறது. பாக் விரிகுடாவில் யார் எவ்வளவு, எந்த மடியால், எத்தனை நாள் பிடிக்கலாம் என்ற கேள்வி அதன் மேசைக்கு வருவதில்லை. அது இருதரப்பு, அது சர்ச்சைக்குரியது. சார்க்கின் பத்தாவது விதி, அது எழுதப்படாத இடங்களிலும் ஆட்சி செய்கிறது.

அந்த விதியைத் திருத்த எட்டு நாடுகளும் ஒருமனதாக வேண்டும். இன்றைக்கு அது நடக்காது. ஆனால் சென்னை அமைப்பில் நான்கு நாடுகள்தான். பாகிஸ்தான் அதில் இல்லை. காஷ்மீர் அதன் வாசலுக்கு வராது. பாக் விரிகுடாவுக்கென்று ஒரு கூட்டு மீன்வள ஆணையத்தை அதன் கீழ் அமைக்க டெல்லியும் கொழும்பும் முடிவெடுத்தால் போதும். தீவு யாருடையது என்று அந்த ஆணையம் கேட்க வேண்டாம். அந்தக் கோரிக்கை சட்டமன்றத் தீர்மானத்திலும் உச்ச நீதிமன்ற வழக்கிலும் அதன் வழியே போகட்டும். ஆணையத்தில் இரு நாட்டு மீன்வள விஞ்ஞானிகள், தமிழக அரசின் பிரதிநிதி, இலங்கை வட மாகாணத்தின் பிரதிநிதி, இரு கரை மீனவர் சங்கங்கள் இருக்க வேண்டும். மாநிலமும் மாகாணமும் இல்லாத ஆணையம் 1974-ஐப் போலவே முடியும். முதல் ஆண்டில் மீன் எவ்வளவு இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து ஒரே கணக்கு எடுக்கட்டும். இழுவை மடிப் படகுகளை விட்டு வெளியேறுகிறவர்களுக்குக் கடன் சுமை இல்லாத மாற்றுத் தொழில் தரட்டும். 2017-ல் அறிவித்த ஆழ்கடல் மீன்பிடிப் படகுத் திட்டம் ஏன் எதிர்பார்த்தபடி நகரவில்லை என்பதை அந்த மீனவர்களிடமே கேட்டுத் திருத்தட்டும். ஆணையத்தின் கூட்டங்களை எந்த அரசும், எந்தக் கைதைக் காரணம் காட்டியும், ரத்து செய்யக் கூடாது என்று அதன் விதியில் எழுதிவைக்க வேண்டும். சார்க்கிடமிருந்து கற்க வேண்டிய முதல் பாடம் அது.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். ராமேஸ்வரத்தில் படகுகள் கரையில் நிற்கும், எதிர்க்கரையில் வலை அறுபடாது, கைது இருக்காது. இரு பக்கமும் கோபம் தணிந்திருக்கும் நாட்கள் இவைதான். ஆணையத்தின் முதல் கூட்டத்தை அடுத்த தடைக்காலத்தில் சென்னையில் வைக்கலாம்; முதல் பொருளாக, எதிர்க்கரையும் சேர்ந்து கடைப்பிடிக்கும் பொதுத் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளலாம்.